வளையல் வரும் காட்சி

கண்ணுல பட்டது கண்ணீரோட போயிரும், காதுல பட்டது… என்று பெரியப்பா ஒரு சொலவடை சொல்வார், பதினாறாம் நாள் பந்திகளில், ரசத்துக்கும் மோருக்கும் நடுவில், பக்கத்து இலைக்காரர் கேட்கிறாரா இல்லையா என்றுகூடப் பார்க்காமல். காதில் பட்டது என்ன ஆகும்? கட்டையோடு போகும் என்பாரா, காலைச் சுற்றும் என்பாரா, அந்தப் பின்பாதி மட்டும் தாணுமூர்த்திக்குப் பிடிபடவில்லை. தொண்டைவரை வந்து குத்தவைத்து உட்கார்ந்துகொண்டது. இந்த நேரத்தில் பெரியப்பா எதற்கு வருகிறார், செத்து இருபது வருஷம் ஆன மனுஷன். லேப்டாப்பில் படத்தின் எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன, ஓரத்தில் ஏதோ டிவிக்காரனின் முத்திரை, அடியில் பச்சையாக ஒரு கோடு நடுங்கியது. காலை பத்து இருபது. கூடத்து ஜன்னல் நாலையும் திறந்துவைத்து, திரைச்சீலைகளைச் சுருட்டிச் செருகியாயிற்று. பாளையங்கோட்டை வெயில் தரையில் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. எல்லாம் மனநல டாக்டரம்மா சொன்னபடிதான்: பகல், சின்னத் திரை, குறைந்த சத்தம், பக்கத்தில் நம்பிக்கையான ஆள். "பயமுறுத்துனத கிட்ட வச்சுப் பாத்தாத்தான் சார் அதோட அளவு தெரியும். முழுப் படம் வேண்டாம். அந்த ஒரு காட்சி, மூணு நிமிஷம். நீங்க முதல்ல தனியாப் பாத்து, எத்தனாவது நிமிஷத்துல வருதுன்னு குறிச்சு வச்சுட்டு, அப்புறம் அவங்களக் கூப்பிடுங்க." சொல்லிவிட்டு அவர் தங்கை பக்கம் திரும்பி, "காந்திமதி, யாரு பக்கத்துல இருந்தா உங்களுக்குப் பயம் இருக்காது?" என்று கேட்டார். மதி யோசிக்கவே இல்லை. "எங்கண்ணன்" என்றாள். நாற்பத்து நாலு வயசு, காதோரம் நரை, அந்தச் சொல்லைச் சொன்ன விதம் மட்டும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பெயர் சொல்வது மாதிரி. அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. குறிப்பதற்கு ஒரு துண்டுக் காகிதமும் பேனாவும் லேப்டாப் பக்கத்தில் இருந்தன.

வீட்டில் யாரும் அதன் பெயரைச் சொன்னதில்லை. அந்தப் படம் என்றால் போதும். பெயரை மூன்று வாரத்துக்கு முன்பு டாக்டரம்மாவிடம் முதல் முறையாகச் சொன்னபோது, கெட்ட வார்த்தை பேசியதுபோல அவனுக்கே வாய் கூசியது. இதோ அந்தப் பெயர் திரையில் சிவப்பாக வழிகிறது, பெயிண்ட் வழிவதுபோல, அதுவும் கையால் வரைந்ததுதான், பார்த்தால் தெரிகிறது. ஒரு ஜீப் மலைப்பாதையில் ஏறுகிறது. கதாநாயகன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சிரிக்கிறான். இந்த ஜீப் அவனுக்கு நினைவே இல்லை. நினைவில் இருப்பது ஒரே ஒரு காட்சிதான், ஆனால் அது அங்குலம் அங்குலமாக. நீளமான ரேழி. முடிவில் ஒரு கதவு, பாதி திறந்தது. பெண் ஒருத்தி கண்ணாடி முன்னால் தலை வாருகிறாள். பின்னால் சலங் என்று ஒரு சத்தம். வளையல். அவள் சீப்பை நிறுத்துகிறாள். கதவு நிலையைச் சுற்றிக்கொண்டு ஒரு கை வருகிறது, முழங்கைவரை, அதற்கு மேல் ஆள் கிடையாது, கை மட்டும், சிவப்பும் பச்சையுமாக முழங்கை முட்டக் கண்ணாடி வளையல். கை தொங்குகிறது. ஒவ்வொரு வளையலாகக் கழன்று தரையில் விழுகிறது. கடைசி வளையல் விழுகிறபோது யார் திரும்பிப் பார்க்கிறார்களோ அவர்களிடம் அந்தக் கை வந்துவிடும். இருபத்து நாலு வளையல். மஸ்கட்டில் வேலை பார்த்த காலத்தில், ஒன்பதாவது மாடிக்குப் போகிற லிஃப்டில், பின்னால் நிற்கிற ஆந்திரக்காரப் பெண்ணின் கை அசைந்து சத்தம் வந்தாலே அவனுக்குப் பிடரி மயிர் எழுந்து நிற்கும். எண்ணெய்க் கிடங்கின் பாதுகாப்பு அதிகாரி, தலையில் மஞ்சள் தொப்பி, சட்டைப் பையில் விசில், திரும்பிப் பார்க்காமல் மாடி எண்களையே பார்த்துக்கொண்டு நிற்பான். அவனுக்கே அப்படியென்றால் மதி ஏழு வயசுப் பிள்ளை, அவள் என்ன பாடுபட்டிருப்பாள் என்று அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வான்.

"என்னண்ணே, அவ வந்துட்டாளா, இல்ல இன்னும் பஸ்ஸுலதான் இருக்காளா?" அடுப்படியிலிருந்து மதி, படத்துப் பேயைத்தான் கேட்கிறாள். "ஜீப்புல வந்துட்டு இருக்கா" என்றான். "அவ வந்ததும் காப்பி போடுதேன். அவளுக்கும் சேத்துப் போடவா?" கேட்டுவிட்டு அவளே சிரித்தாள், சிரிப்பு முடிகிற இடத்தில் லேசாக உடைந்தது. விடியற்காலையே குளித்துவிட்டாள். அரக்குக் கரை போட்ட சேலை, போன தீபாவளிக்கு எடுத்தது. எதுக்கு இன்னைக்கு இதக் கட்டியிருக்க என்றதற்கு, "அவளப் பாக்கப் போறோம்லா, நாமளும் கொஞ்சம் நல்லா இருக்கணும்ல" என்றாள். இரண்டு காதிலும் பஞ்சு. மூன்று வாரமாகத் தைரியம் சேர்த்திருக்கிறாள், கொத்தமல்லி விதைபோல ஒவ்வொன்றாகப் பொறுக்கி. முன்னறையில் தையல் மெஷின், வாசலில் ஒரு பிஸ்கட் டப்பா, அதன் மேல் அவள் கையெழுத்தில் 'அளவு கொடுக்க வருபவர்கள் வளையல்களைக் கழற்றி இதில் வைக்கவும்.' ஜாக்கெட் கையளவு சரியாக வர வேண்டும் என்பதற்காக என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். பழைய ஆட்களுக்குத் தெரியும். தெருவில் யாரும் இந்த வீட்டு வாசலில் வளையல் கையை ஆட்டிப் பேசுவதில்லை. அம்மா அதற்கும் முன்னாலேயே கழற்றியவள். மதிக்கு ஒன்பது வயசாக இருக்கும்போது, புருஷன் உயிரோடு தபாலாபீஸ் போய்வந்துகொண்டிருக்கும்போது, அம்மா கண்ணாடி வளையலை எல்லாம் கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டு, இரண்டு பொன் வளையலிலும் ஒன்றோடொன்று உரசாமல் துணி சுற்றிக்கொண்டாள். பிள்ளை தூங்கவேண்டுமே. கல்யாணி அத்தை வந்தவள், "என்ன மைனி, அறுத்தவ கை மாதிரி வச்சிருக்க, எங்கண்ணன் குத்துக்கல்லு மாதிரி இருக்கையிலே" என்றாள். பத்து வருஷம் கழித்து அப்பா போய்ச் சேர்ந்தார். பத்தாம் நாள் பெண்கள் வந்து அம்மாவுக்குப் பூவும் பொட்டும் புது வளையலும் போட்டு உடைக்கத் தயாரானபோது, அம்மா இரண்டு கையையும் மடிக்குள் இழுத்துக்கொண்டாள். "போடவும் வேண்டாம் உடைக்கவும் வேண்டாம். எம் புள்ள உள்ள இருக்கா. சத்தம் கேட்ரும்." அப்பாவுக்கு உரிய அந்தச் சத்தம்கூட இந்த வீட்டில் கேட்கவில்லை. "நீ அன்னைக்கே கழட்டிட்டியே, அதான் போயிட்டான்" என்று அத்தை அழுகையோடு அழுகையாகச் சொன்னாள். அவன் அப்போது சுவர் ஓரமாக மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தான். படமெடுத்த பாவிகள் நாசமாய்ப் போக என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டது நினைவிருக்கிறது.

ஜீப் பங்களாவுக்கு வந்துவிட்டது. சமையல்காரனும் தோட்டக்காரனும் ஒருவனை ஒருவன் பார்த்துப் பயந்து விழுகிற காமெடி நீண்டுகொண்டே போனது. அவன் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் படத்துக்குக் கீழே பார்த்தவர்கள் எழுதியிருந்ததைப் படிக்க ஆரம்பித்தான். நானூற்றுப் பன்னிரண்டு பேர். இத்தனை பேரா. ஈரோட்டில் ஒருத்தர், இதைப் பார்த்த நாளிலிருந்து கல்யாணம் ஆகும்வரை பாத்ரூம் கதவைத் தாழ்போட்டதில்லை, இப்போது பெண்டாட்டி சிரிக்கிறாள் என்று எழுதியிருந்தார். மட்டக்களப்பில் ஒருத்தர், ஷெல் விழுந்த காலத்திலும் பதுங்குகுழிக்குள் ஓடுமுன் கிணற்றுப் பக்கம் பார்க்காமல்தான் ஓடுவேன் என்றிருந்தார். மலேசியாவில் கிள்ளானிலிருந்து ஓர் அம்மாள்: எனக்குப் பேரப்பிள்ளை இருக்கிறது, இன்றைக்கும் ஊஞ்சல் தன்னால் ஆடினால் எழுந்துபோய்ப் பிடித்து நிறுத்திவிட்டுத்தான் உட்காருவேன். படம் முடிந்து விளக்குப் போட்டதும் எல்லாரும் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து போயிருப்பார்கள். வீட்டுக்குப் போனபிறகுதான் கூடவே வந்தது தெரிந்திருக்கும். கிணறு, ஊஞ்சல், கொலுசு. கொலுசு என்றுதான் பாதிப் பேர் எழுதியிருந்தார்கள். அந்தக் கொலுசுச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. யாரும் வளையல் என்று எழுதவில்லை. அவன் தேடுகிற கட்டத்தில் வளையல் என்று தட்டிப் பார்த்தான். ஒன்றுமில்லை. ஒரு கொம்பை விட்டுவிட்டோமோ என்று மறுபடி தட்டினான். இல்லை. திரையில் அப்போது அவள் வந்தாள். நாற்பத்து ஓராவது நிமிஷம். வெள்ளைச் சேலை, முகத்தில் திட்டுத் திட்டாக மாவு, நெற்றிக்கு மேலே பொய்முடியின் ஓரம் தெரிந்தது. ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தாள். கொலுசு. கேமரா பாதத்திலிருந்து மேலே ஏறி, மடியில் கிடந்த இரண்டு கையையும் காட்டிவிட்டுத்தான் முகத்துக்குப் போனது. வெறுங்கை. கதையில் அவள் தாலியறுத்தவள். அவன் நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி பார்த்தான். வெறுங்கைதான்.

இருக்கட்டும், இது வேறு காட்சி. அது இடைவேளைக்குப் பிறகு வரும். அவள் கதாநாயகியின் உடம்பில் ஏறிய பிறகு. கதாநாயகி கையில் வளையல் இருக்கும்தானே. அவன் படத்தை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டான், ஆட்கள் எறும்புபோல அறைக்கு அறை ஓடினார்கள். கதாநாயகிக்குக் கல்யாணம் ஆகிறது. மணவறை. ஏன் இங்கே போய் நிற்கிறது விரல். மதியின் கல்யாணத்துக்கு அவன் பத்து நாள் லீவில் வந்திருந்தான். மாப்பிள்ளை கடையத்துக்காரர், கூட்டுறவு பேங்க், சாதுவான ஆள். கண்ணாடி வளையல் இல்லாமல் ஒரு பெண்ணை மணவறையில் உட்காரவைக்க எந்த அத்தை சம்மதிப்பாள்? இரண்டு டஜன், அரக்குச் சிவப்பும் பச்சையும். கல்யாணி அத்தையும் இன்னும் இரண்டு பேரும் சோப்பு நுரை போட்டு ஏற்றினார்கள். "ஒண்ணும் செய்யாதுட்டி, எல்லாம் பிள்ளயில பாத்த சினிமா." நாதஸ்வரச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கல்யாண போட்டோவில் மதி இரண்டு கையையும் உடம்பில் படாமல் அகட்டி வைத்திருப்பாள், இடுப்புக்கு ஒன்றாக இரண்டு குடம் சுமக்கிறவள் மாதிரி. மூன்றாம் நாள் மத்தியானம், மாமியார் வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுவிட்டுக் கண் அயர்ந்த நேரத்தில், பின்கட்டுத் துவைகல்லில் இருபத்து நாலையும் அடித்து உடைத்தாள். மணிக்கட்டெல்லாம் ரத்தம். மாமியார்க்காரி எழுந்து வந்து பார்த்தபோது தாலி ஏறிய மூன்றாம் நாளில் புதுப்பெண் வளையல் துண்டுகளுக்கு நடுவில் மூளிக் கையோடு நிம்மதியாக உட்கார்ந்திருந்தாளாம். நிம்மதியாக என்ற சொல் அந்தம்மாவுடையது. எம் மவன் உசுரோட இருக்கையிலயே இவ வேலய முடிச்சிட்டா என்று தெருவே கூடும்படி கத்தினாளாம். மறுநாள் காலை மதி டாக்ஸியில் வந்து இறங்கினாள். மாப்பிள்ளை அவனுக்கு போன் செய்தார், குரலை இறக்கி. "மச்சான், நான் ஒண்ணும் சொல்லல. அம்மதான். நீங்க வந்து பேசுனா…" அவனுக்கு அடுத்த நாள் ஃபிளைட். பேசவில்லை. ஒருவேளை பேசியிருந்தால். அதை அங்கேயே விடு. பேசுவதற்கு அன்று அவனிடம் என்ன இருந்தது? சின்ன வயசில் ஒரு படம் பார்த்துப் பயந்தவள் என்று சொல்லியிருப்பான். அதைத்தான் முப்பத்தேழு வருஷமாக எல்லாரிடமும் சொல்கிறான்.

படம் முடிந்துவிட்டது. சூலம், நெருப்பு, கோயில் மணி, சுபம். அவன் மறுபடியும் முதலிலிருந்து, பத்துப் பத்து விநாடியாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். கண்ணாடி முன்னால் தலைவாருகிற பெண் யாரும் இல்லை. ரேழி இருந்தது, ஆனால் நீளம் இல்லை, நாலெட்டில் முடிந்துவிடுகிற ரேழி. கதவு நிலையைச் சுற்றி ஒரு கையும் வரவில்லை. டிவிக்காரன் வெட்டியிருப்பான். இரண்டு மணி இருபது நிமிஷம் என்று போட்டிருக்கிறது, படம் முடிந்து நின்றதும் இரண்டு மணி இருபதில்தான். அப்படியானால் வெட்டவில்லை. மஸ்கட்டில் பத்தொன்பது வருஷம் அவன் வேலையே இதுதான். கிடங்கில் ஒருத்தன் விழுந்தால், ஒருத்தன் விரல் போனால், அறிக்கை எழுத வேண்டும். ஏன் என்று ஐந்து தடவை கேள், ஐந்தாவது பதில்தான் மூல காரணம் என்று அங்கே பாடம். ஏணி சறுக்கியது. ஏன்? தரையில் எண்ணெய். ஏன்? அப்படிப் போய்க்கொண்டே இருந்தால் கடைசியில் எங்கோ ஏர்கண்டிஷன் அறையில் உட்கார்ந்து ஒருத்தன் போட்ட கையெழுத்தில் போய் நிற்கும். மதி ஏன் வளையலுக்குப் பயப்படுகிறாள்? அந்தப் படத்தில் பார்த்ததால். படத்தில் அது இல்லையே. அப்படியானால் எங்கே பார்த்தாள்? ஜங்ஷன் தியேட்டர், மேட்னி, அம்மா நடுவில், இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அம்மா மடியில் சாய்ந்து மதி. சமையல்காரனும் தோட்டக்காரனும் விழுந்து எழும்புகிறார்கள், ஜனங்கள் சிரிக்கிறார்கள். அப்புறம் வெளியே வந்தால் சாயங்கால வெயில் கண்ணைக் கூசுகிறது, ஆற்றுப்பாலத்தில் பஸ், ஜன்னலோரம் அவன், அவன் கையில் ஒரு ஜோடிச் செருப்பு. நீல வார், குதிகால் தேய்ந்தது. சின்னச் செருப்பு. அது எதற்கு அவன் கையில்? அதில் ஒட்டியிருந்த மண் அவன் டிரவுசரில் ஒட்டி, அதற்குத் தனியாக ஏச்சு வாங்கினான். மதியின் செருப்பு. விழித்திருக்கிற பிள்ளை செருப்பைக் காலில்தானே போட்டிருக்கும். அம்மா தோளில் போட்டுத் தூக்கிவருகிறாள், தலை அந்தப் பக்கம் தொங்குகிறது, வாயோரம் எச்சில். "காமெடி வரும்போதே கண்ண மூடிட்டா, டிக்கெட்டு காசு தெண்டம்." அம்மாவின் குரல். அம்மா சொன்னாள். அவன் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தான். மதி அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை.

அடுப்படியில் டம்ளர் வைக்கிற சத்தம், மெதுவாக, ஒன்றோடொன்று மோதாமல் வைக்கிற அவளுடைய சத்தம். அவன் லேப்டாப் திரையின் கறுப்பில் தன் முகத்தைப் பார்த்தான், உடனே கண்ணை எடுத்துக்கொண்டான். மேட்னிக்குப் போனது ஆடி மாசம். அதற்கு முந்தின வாரமோ அதே வாரமோ ஆடிப்பூரம், நெல்லையப்பர் கோயிலில் காந்திமதி அம்மனுக்கு வளைகாப்பு, அம்மன் பெயரை வைத்திருக்கிற பிள்ளை என்று குருக்கள் மதிக்கு மட்டும் இரண்டு கை நிறையக் கொடுத்தார். சிவப்பும் பச்சையும். இருபத்து நாலு, அவள் ஒவ்வொரு மணி நேரமும் எண்ணிக்கொண்டே இருந்தாள். படம் பார்த்த பிறகு ஒரு ராத்திரி, குண்டு பல்பு, பாய், அவன் எதிரில் இங்கிலீஷ் புத்தகம். ஆறாம் வகுப்பில்தான் மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் மீடியம் போட்டிருந்தார்கள். நாளைக்கு மாதத் தேர்வு, பதினாறு வரி மனப்பாடம், ஒரு வரிக்கும் அர்த்தம் தெரியாது, சத்தத்தை வைத்துத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் மதி கையை ஆட்டுகிறாள். சலங். நாலாவது வரி போய்விட்டது. "ஏட்டி, சும்மா இரி." சலங் சலங். "அண்ணே, நான் தூங்கிட்டேம்லா, அதுக்கப்புறம் என்னாச்சு, பேய் எப்டி வந்துச்சு?" சலங். அவன் புத்தகத்தை மூடாமல், விரலை நாலாவது வரியில் வைத்துக்கொண்டே சொன்னான். குரலைக் கூடக் கொஞ்சம் இறக்கினான், அது நன்றாக நினைவிருக்கிறது, எப்படி இறக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. ஒரு பொம்பள தலை வாருதா. பின்னால சத்தம். என்ன சத்தம்னு நினைக்க? வளையல். கை மட்டும் வருது. எத்தன வளையல் தெரியுமா, இருபத்தி நாலு. மதியின் கை ஆடாமல் நின்றுவிட்டது. சுவரில் சாய்ந்து மெதுவாக, ஒரு சத்தமும் எழாமல், ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாயில் வைத்தாள். கடைசியைக் கழற்றும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். அவன் அன்று பதினாறு வரியும் மனப்பாடம் பண்ணிவிட்டான். பிறகு அவள் எப்போதெல்லாம் தொந்தரவு செய்தாளோ அப்போதெல்லாம் நாக்கை மேலண்ணத்தில் தட்டிச் சலங் என்று ஒரு சத்தம் போடுவான். எத்தனை நாள் போட்டான்? ஒரு மாசம்? பிறகு அவள் அலற ஆரம்பித்ததும் அவனுக்கும் பயம் வந்துவிட்டது. அம்மா, "அன்னைக்கு அந்தப் படத்துக்குக் கூட்டிட்டுப் போனேன் பாரு, என் புத்தியச் செருப்பால அடிக்கணும்" என்றாள். அவள் தூங்கினது அம்மாவுக்கும் மறந்துவிட்டது. அவனும் ஆமாம் என்றான். சொல்லிச் சொல்லி, தியேட்டர் பெஞ்சும் முறுக்கு வாசனையும் ரேழியும் கையும் எல்லாம் எல்லாருக்கும் கண்ணால் பார்த்ததாகவே ஆகிவிட்டது, மதிக்கு, அம்மாவுக்கு, அவனுக்கு.

வெட்டிவிட்டார்கள் என்று சொல்லலாம். இந்தப் பிரதியில் அது இல்லை மதி. சொல்லும்போதே அவள் முகம் எப்படி மாறும் என்று தெரிந்தது: பாத்தியா, கவர்மெண்டே வெட்டுற அளவுக்கு இருந்திருக்கு. அதற்குப் பிறகு டாக்டரம்மா அல்ல, டாக்டரம்மாவின் குருநாதர் வந்தாலும் முடியாது. ஊஞ்சல்காரியைக் காட்டி இவள்தான் அது என்கலாம். வெறுங்கையை அவள் பார்ப்பாள். தையல்காரி, முதலில் கையைத்தான் பார்ப்பாள். சொல்லிவிட்டால்? அம்மா போனபிறகு அவன் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து கூடத்தில் கட்டில் போட்டுப் படுக்கிறான். கதவைத் திறந்துவைத்து அவன் இருமுகிற சத்தம் கேட்கிற தூரத்தில் அவள் தூங்குகிறாள், இரண்டு வருஷமாக மாத்திரை இல்லாமல். சொன்ன பிறகு இந்த இருமலைக் கேட்டுக்கொண்டு தூங்குவாளா? உலகத்தில் ஒரே ஒரு ஆள் பக்கத்தில் இருந்தால் பயம் இல்லை என்றாள். அந்த ஆளையும் எடுத்துவிட்டால் அவளிடம் மிச்சம் என்ன. பிறகு இதில் எது அவளுக்காக, எது தனக்காக என்று பிரித்துப் பார்க்கப் பார்த்தான். நூல் சிக்குப்போல இரண்டும் ஒன்றாகவே வந்தது. வியாழக்கிழமை மறுபடி போகும்போது டாக்டரம்மா முன்னால் வைத்துச் சொல்லலாம், அதுதான் முறை, அவர்கள் பக்குவமாகப் பார்த்துக்கொள்வார்கள், கிடங்கிலும் எதையும் தனியாகச் செய்யக்கூடாது என்றுதான் விதி. மதி காப்பியோடு கூடத்து வாசலில் வந்து நின்றாள். ஒரு காதில் பஞ்சு இல்லை, எடுத்துவிட்டிருந்தாள். "கெடச்சிட்டாண்ணே? எத்தனாவது நிமிசம்?" காகிதத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவன் அதன்மேல் கையை வைத்துக்கொண்டான். அவள் உள்ளே வராமல் நிலையில் சாய்ந்துகொண்டு, "அடுப்படில நிக்கும்போது ஒண்ணு தோணிச்சு. பயம்லாம் கொஞ்சம் எறங்கிட்டுண்ணே, இப்பம் கோவந்தான் வருது. நடிச்சவ என்ன செய்வா பாவம், சொன்னத நடிச்சிருப்பா. இத ஒக்காந்து யோசிச்சான் பாரு ஒருத்தன், அவன் மட்டும் எதுத்தாப்புல வந்தான்னா ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன். ஏண்டா, ஒன் வீட்டுல ஒரு தங்கச்சி கெடையாதாடான்னு." சொல்லிவிட்டு, "ரொம்ப டயலாக்கு பேசுதேனோ?" என்று சிரித்தாள். அவன் எழுந்துபோய் டம்ளரை வாங்கி மேஜைமேல் வைத்தான், லேப்டாப்பை மூடினான், தன் நாற்காலிக்கு எதிரே இன்னொன்றை இழுத்துப்போட்டு அவளை உட்காரச் சொன்னான். வியாழக்கிழமைவரை பொறுப்பதில்லை என்றும், அப்படி ஒரு காட்சி அந்தப் படத்தில் இல்லை, அவள் அந்தப் படத்தைப் பார்க்கவும் இல்லை, மனப்பாடம் பண்ண வேண்டியிருந்ததால் அதைச் சொன்னவன் தான்தான் என்பதை இப்போதே சொல்லிவிடுவது என்றும் தாணுமூர்த்தி முடிவு செய்தான்.